சக்கரம் வைத்த ஸ்கேன்

நாற்பத்தாறு வயதுக்குள் அவர் ஏறக்குறைய ஆறாயிரம் கார்களைச் சந்தேகப்பட்டிருக்கிறார். அதற்குத்தான் அவருக்குக் கூலி. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அவரைக் கூடவே அழைத்துப் போவார்கள். விற்கிறவர் கதவைத் திறந்து காட்டி, ஒரே கை ஓட்டிய வண்டி, மழையில் நனைந்ததே இல்லை என்று அளந்துகொண்டிருக்கும்போது, இவர் வாயைத் திறக்காமல் வண்டியைச் சுற்றி வருவார். நடுவிரலை மடக்கி, முட்டியால் தகட்டைத் தட்டிக்கொண்டே வருவார். நல்ல தகடு கணீரென்று பதில் சொல்லும். அடிபட்டு, பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்த இடம் மொத்தென்று ஊமைச் சத்தம் போடும். அங்கே நின்று விற்கிறவரை ஒரே ஒரு பார்வை பார்ப்பார். அதற்கப்புறம் விற்கிறவர் அளப்பதை நிறுத்திவிடுவார்.

சந்தையில் அவருக்கு டொக்டொக் அண்ணன் என்று பெயர். இளவயதில் டிங்கர் பட்டறையில் வேலை பார்த்தவர். எதை எப்படி மறைப்பார்கள் என்பது அங்கே பழகியது.

சிக்கல் என்னவென்றால், வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கடையை அவர் சாத்துவதில்லை. பாதி விலை என்று எழுதிய பலகையைப் பார்த்தால் உள்ளே போய், மீதிப் பாதி எங்கே போனது என்று கேட்பார். மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் படியில் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறார் என்பதற்காக ஒரு மாதம் அவரைக் கவனித்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி தோழிகளிடம் சொல்வாள்: "கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டுதான் சரின்னு சொல்லிருப்பாரு. எனக்குத்தான் உறைக்கல."

சாப்பாட்டு மேசையில் அன்றன்றைக்குப் பிடித்த திருட்டுகளைச் சொல்வது அவர் வழக்கம். பிரேக் குழாயைக் கம்பியால் கட்டி வைத்திருந்தது, ஓட்டிப் பார்க்கும்போதே சக்கரம் ஆடியது, இப்படி. மனைவி சிரிப்பாள். ஒன்பது வயது மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பிறகு காலை வேளைகளில் கேள்விகள் வர ஆரம்பித்தன.

"அப்பா, இன்னைக்கு ஓட்டிப் பாக்கற வண்டில பிரேக் இருக்குமா?"

"இருக்கும்டா கண்ணு."

"பாத்துட்டுதான ஏறுவ?"

முதலில் கொஞ்சலாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். அடுத்து பள்ளி அலுவலகத்து ஃபோனிலிருந்து அவளே கூப்பிட்டாள், அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டு. அப்புறம் பள்ளி வாசலில் வயிற்றுவலி, வாந்தி. இரண்டு மாதமாக அவள் பள்ளிக்கே போகவில்லை. வரும் பருவத்துக்குள் வராவிட்டால் அதே வகுப்பில்தான் மறுபடி உட்கார வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

குழந்தை மருத்துவர் பதற்றக் கோளாறு என்றார். பேசிப் பேசிச் சரிசெய்கிற சிகிச்சை உண்டு, ஆனால் ஒரு வருடம் வரிசையில் நிற்க வேண்டும். சீக்கிரம் வேண்டுமானால் ஒரு வழி: பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. பதற்றம் உள்ள குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் மூளை ஸ்கேன் எடுப்பார்கள். பிறகு பன்னிரண்டு வாரம் சிகிச்சை. பிறகு மறுபடி ஸ்கேன். முதல் ஸ்கேனை முடித்தவர்களுக்குத்தான் சிகிச்சையில் இடம். மாதக் கடைசியோடு சேர்க்கை முடிகிறது.

"காசு கிடையாதா?" என்று கேட்டார் அவர்.

"ஒரு காசும் வேண்டாம்."

"அப்ப வேற எதையோ வாங்கப் போறாங்க" என்றார், வெளியே வந்ததும் மனைவியிடம்.

மனைவி விடவில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவையும் அவளே திறந்து கொடுத்தாள்.

முதல் நாள் மகளோடு அவர்தான் போனார். தாழ்வாரத்தில் நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள். எதிரே ஒரு தாயும், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்ட அவள் மகனும். அறைக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று பெரிய குழல், அதற்குள் நீளும் படுக்கை. ஓர் இளம்பெண் மகளைப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சி உதவியாளராம். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் முயல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை.

"சிலை மாதிரி படுத்திருக்கணும், சரியா? தலை அசைஞ்சா கார்ட்டூன் நின்னுடும். பயமா இருந்தா இந்த ரப்பர் பந்த அமுக்கு. உடனே வெளிய எடுத்துடுவேன்."

கடகடவென்று சத்தம் கிளம்பியது. மகள் பந்தை அமுக்கவில்லை. அது முடிந்ததும் உதவியாளர் அவளைக் கைப்பிடித்துத் தாழ்வாரக் கோடிக்கு எதையோ காட்டக் கூட்டிப்போனாள். கதவு பாதி திறந்தே கிடந்தது.

அவர் உள்ளே போனார். சும்மா பார்க்கத்தான் போனார். விரல் சும்மா இருந்தால்தானே.

டொக்.

வண்டியில் இந்தச் சத்தம் வந்தால் இன்ஜினையே கழற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். பின்பக்கம் போய்க் குனிந்தார். ஒட்டுப்பலகை. உள்ளே ஒன்றுமே இல்லை. மூலையில் ஒரு ஸ்பீக்கர், அதிலிருந்து மேசைக் கணினிக்கு ஒரு வயர். உலோகம் எதையும் கொண்டுவரக் கூடாது, காந்தம் இழுத்துவிடும் என்று எழுதியிருந்தார்களே! அவர் பையில் இரண்டு சாவிக்கொத்து, ஒரு ஸ்க்ரூடிரைவர், மூன்றும் அப்பாவியாகக் கிடந்தன. கடைசியாகக் கீழே பார்த்தார். நான்கு சக்கரங்கள். இடுப்பால் லேசாகத் தள்ளினார். மூளையைப் படம்பிடிக்கும் மாபெரும் இயந்திரம் கீச்சென்று ஒரு முழம் நகர்ந்தது.

உதவியாளர் திரும்பி வந்தபோது அவர் வாசலை மறித்து நின்றிருந்தார்.

"என்னம்மா இது, சக்கரம் வெச்ச ஸ்கேனா?"

"சார், அது பயிற்சிக்காக..."

"யாருக்குப் பயிற்சி? ஏமாத்தறதுக்கா? உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் டப்பா! ஸ்பீக்கர்ல சத்தத்தப் போட்டுட்டு ஊரக் கூட்டி ஆராய்ச்சியா பண்றீங்க?"

எதிர் நாற்காலித் தாய் எழுந்துவிட்டாள். "என்ன சார் சொல்றீங்க?"

"நான் சொல்றது எதுக்குங்க? நீங்களே போய்த் தள்ளிப் பாருங்க."

அவள் போய்த் தள்ளினாள். அது நகர்ந்தது. மகனின் கையைப் பிடித்து, தொப்பி கீழே விழுந்ததைக்கூடப் பார்க்காமல் இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். உதவியாளர் பின்னாலேயே ஓடினாள். அந்த இடைவெளியில் அவரும் மகளோடு கிளம்பிவிட்டார். கையும் களவுமாகப் பிடித்த திருப்தி, வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் நன்றாகவே இருந்தது.

காரில் மகள் சொன்னாள்: "அது பொய் மெஷின்னு எனக்குத் தெரியும்ப்பா."

"என்னது?"

"அந்த அக்கா முதல்லயே சொன்னாங்க. குட்டிப் பசங்க பயப்படக் கூடாதுன்னு பழகிக்கறதுக்காம். நெஜ மெஷின் கோடி ரூம்ல இருக்கு, கண்ணாடி வழியா காட்டினாங்க. எனக்குக் கார்ட்டூன் ஒரே ஒரு வாட்டிதான் நின்னுச்சு."

கடைசி வாக்கியத்தில் இரண்டு மாதமாக அவர் கேட்காத ஒரு குரல் இருந்தது. பெருமை. அதை அவர் கவனிக்கத்தான் செய்தார். ஆனாலும் வாய் பழைய வாய்.

"அவங்க சொன்னா நம்பிடறதா? கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கறது மட்டும் நெஜம்னு எப்படித் தெரியும்?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாசலில் இறங்கும்போது கேட்டாள்: "அப்ப பந்த அமுக்கினா வெளிய எடுப்பேன்னு சொன்னதும் பொய்யா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வது? "தெரியலம்மா" என்றார். அது போதுமானதாக இருந்தது. அந்த மாடிக்கு இனி வரமாட்டேன் என்று அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"ஊர்ல இருக்கற காரெல்லாம் தீந்துபோச்சுன்னு ஆஸ்பத்திரியத் தட்டிட்டு வந்திருக்கீங்க" என்றாள் மனைவி. "அவ ரெண்டு மாசத்துல ஒரே ஒரு எடத்துல பயப்படாம படுத்திருந்தா. அதையும் கெடுத்தாச்சு. நாளைக்கு நீங்களே போறீங்க, நீங்களே பேசறீங்க."

மறுநாள் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான டாக்டரம்மா அவரைப் பார்த்தார். கோபமாக இருந்தார், ஆனால் நாற்காலி காட்டினார்.

"பயிற்சிப் பெட்டின்னு படிவத்தோட முதல் பக்கத்துலயே பெரிய எழுத்துல போட்டிருக்கோமே சார்?"

அவர் பொடி எழுத்தை மட்டுமே படிப்பவர். வில்லங்கம் அங்கேதான் இருக்கும்.

"நேத்து கிளம்பிப் போன அந்தப் பையன், நாலு மாசமா காத்துட்டிருந்தவன். ஃபோன் பண்ணினா அவங்க எடுக்க மாட்டேங்கறாங்க."

நிஜ இயந்திரத்தைப் பார்க்க வேண்டும் என்றார். சாவி, ஸ்க்ரூடிரைவர், பெல்ட் எல்லாவற்றையும் பூட்டிவைத்துவிட்டு வாசலில் நின்று பார்த்தார். அது நகர்கிற ஜாதி இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"எந்த வருஷத்து மாடல்? எவ்வளவு ஓடிருக்கு?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொன்னார்.

"சரி, படம் எடுத்ததும் இவ தலைக்குள்ள என்ன பழுதுன்னு சொல்லிடுவீங்களா?"

"மாட்டோம். ஒருத்தரோட படத்த மட்டும் வெச்சு அப்படிச் சொல்லவே முடியாது. நிறைய பேரோட படத்தச் சேத்து வெச்சுப் பாத்தாதான், பயம் வரும்போது மூளை எப்படி வேலை செய்யுது, குழந்தைக்கும் பெரியவங்களுக்கும் அது ஒரே மாதிரியா, சிகிச்சைக்கு அப்புறம் மாறுதான்னு கொஞ்சம் புரியும். அதுவும் கொஞ்சம்தான்."

நூறு காரைச் சேர்த்து வைத்து ஒரு காரைப் பார்க்கிறவன் உலகத்தில் உண்டா? அவருக்கு இது புதிதாக ஒரு சந்தேகத்தைக் கொடுத்தது. தன் வண்டியின் குறையைத் தானே முதலில் சொல்கிறவன் ஒன்று யோக்கியன், இல்லையென்றால் அதைவிடப் பெரிய குறையை மறைக்கிறவன்.

"வீட்ல பெரியவங்களும் இதுல சேந்துக்கலாம் சார். நீங்க முன்னாடி போனா அவளும் அதப் பாத்துத் தைரியமா வருவா."

"எனக்கு என்ன கேடு? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருக்கறவங்களும் எங்களுக்கு வேணும்."

அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே பட்டி பூசியிருக்கிறார்கள் என்று பிடிபடவில்லை. ஒத்துக்கொண்டார்.

உடனே கேள்விகள் ஆரம்பித்தன. பட்டறையில் அரத்தால் தகடு ராவியது உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றதும், இரும்புத்தூள் கண்ணுக்குள் இருந்தால் காந்தம் அதை அசைத்துவிடும், முதலில் கண்ணை எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார்கள். தலை என்றார்கள், இப்போது கண் என்கிறார்கள், அடுத்து கிட்னியா என்று மனைவியிடம் முணுமுணுத்தார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை காலை, மனைவியும் மகளும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இயக்குகிறவரின் அறையில். ஸ்கேன் வேண்டாம், அப்பாவைப் பார்த்தால் மட்டும் போதும் என்ற ஒப்பந்தத்தின் பேரில்தான் மகள் வந்திருந்தாள். உதவியாளர் அவர் தலைக்கு இருபுறமும் பஞ்சு வைத்து இறுக்கி, முகத்துக்கு மேலே கூண்டுபோல ஒன்றைப் பொருத்தி, கையில் ரப்பர் பந்தைக் கொடுத்தாள். படுக்கை உள்ளே போனது. மூக்குக்கு நேராக வெள்ளைச் சுவர். சத்தம், பெட்டியில் கேட்டதைவிடப் பல மடங்கு. கூண்டில் செருகியிருந்த கண்ணாடித் துண்டு ஒன்றில், திரையில் ஓடும் முகங்கள் வந்து வந்து போயின. கோபமா, சாதாரணமா என்று இன்னொரு கையிலிருந்த பட்டனை அழுத்த வேண்டும். எல்லா முகமும் எதையோ தலையில் கட்ட வந்த முகமாகவே அவருக்குத் தெரிந்தது. கோபம், கோபம், கோபம் என்று அழுத்தினார். பிறகு மூச்சு கிடைக்கவில்லை. கழுத்தில் வியர்வை ஓடியது. படுக்கையை இயக்குவது யார், அவர்கள் இருக்கிறார்களா, எழுந்து போய்விட்டார்களா?

பந்தை நசுக்கினார்.

சத்தம் நின்றது. "எடுத்துடறோம் சார்" என்று காதில் ஒரு குரல். படுக்கை நகர்ந்து வெளிச்சத்துக்கு வந்தது.

கூண்டைக் கழற்றும்போது மகள் வாசலில் நின்றிருந்தாள். கொலுசையும் தோட்டையும் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டு நின்றாள் என்பதை அவர் பிறகுதான் கவனித்தார்.

"அப்பா, நீ அமுக்கினியா?"

"அமுக்கினேன்டா."

"உடனே எடுத்தாங்களா?"

அவருக்கு இன்னும் மூச்சு வாங்கியது. இந்த ஒரு கேள்விக்கு அவரிடம் சந்தேகம் எதுவும் இல்லை. "உடனே எடுத்தாங்க. நானே பாத்தேன்."

"வேர்த்துக் கொட்டுதுப்பா உனக்கு" என்றாள். பிறகு உதவியாளரிடம் திரும்பி, "அக்கா, பந்த முதல்ல ஒரு வாட்டி அமுக்கிப் பாத்துட்டு அப்புறம் படுக்கலாமா?" என்று கேட்டாள். மூன்று முறை அமுக்கிப் பார்த்தாள். மூன்று முறையும் வெளியே எடுத்தார்கள். நான்காவது முறை உள்ளேயே இருந்தாள்.

அவருடைய படங்கள் எல்லாம் கலங்கிப்போயிருந்தன, ஆராய்ச்சிக்கு ஆகாது என்று நீக்கிவிட்டார்கள். மகளுடையது தேறியது. தொப்பிக்காரப் பையனின் வீட்டில் இன்னும் ஃபோனை எடுக்கவில்லை. அவன் இடத்தை வேறொரு குழந்தைக்குக் கொடுத்தாகிவிட்டது.

மகளின் சிகிச்சை வரும் செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குத் தொடங்குகிறது. முதல் நாள் அப்பாவும் கட்டாயம் உள்ளே வந்து உட்கார வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். எதற்கு என்று அவர் கேட்டு அனுப்பியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.