தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சி இல்லாத நாள்

…அந்த அம்மா சேலையில குத்தியிருந்த ஊக்கைக்கூட நான் விடல மதினி, கழட்டி வாங்கி வச்சிட்டேன். விழாவைத் தொடங்கி வைக்க மதுரையில இருந்து வந்தவுக அவுகதானாம். பெரிய படம் வரையிற அம்மாவாம். எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தாலும் வாங்கித்தான் வச்சிருப்பேன். நீங்க பெருநாளுக்கு மக வீட்டுக்குப் போயிட்டீக, இங்கன நடந்த கூத்து ஒண்ணும் உங்க காதுக்கு வரல. இப்படி உக்காருங்க, மொதல்ல இருந்து சொல்றேன்.

சாத்தூர் ரோட்டில் மூடிக் கிடந்த தீப்பெட்டி ஆபீஸை முதலாளியின் பேத்தி வந்து திறந்தாள். தீப்பெட்டி செய்ய இல்லை. படம், சிலை, சுவரில் ஓடுகிற சினிமா என்று வைத்து ஊருக்குக் காட்டத்தான் திறந்தாள். நம் பக்கத்தில் வேலை நடக்கிற கட்டடம் எதுவானாலும் ஆபீஸ்தானே. பட்டாசு செய்தால் பயராபீஸ், அச்சடித்தால் அச்சாபீஸ். பம்பாயில் படித்துவிட்டு வந்தவள் இதற்கு வாயில் நுழையாத பேராக வைப்பாள் என்று நினைத்தேன். அவளும் ‘ஆபீஸ்’ என்றே சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்கே எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

தாவணி போட்ட வயதில் நான் முதன்முதலாக வேலைக்குப் போனதே அந்த ஆபீஸுக்குத்தான். மரச் சட்டத்தில் வரிவரியாகக் குச்சி அடுக்க வேண்டும். அடுக்கிய சட்டத்தை மருந்து ரூமுக்குக் கொண்டுபோய் மருந்தில் முக்குவார்கள். மிஷின் வந்த பிறகு அதை மூடிவிட்டார்கள். நான் ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பயராபீஸுக்கு வேன் ஏறிவிட்டேன். அங்கே கொஞ்ச வருஷத்தில் என்னைக் கேட்டில் நிறுத்தினார்கள். உள்ளே போகிற பெண்பிள்ளைகளைத் தடவிப் பார்த்து அனுப்புகிற வேலை. இரும்பு உரசி ஒரு பொறி பறந்தால் போதும், பயராபீஸே போய்விடும். கொண்டை ஊசி, கொலுசு, செல்போன், தீப்பெட்டி எதுவும் என்னைத் தாண்டிப் போனதில்லை. ஒரு தடவை சூப்பர்வைசர் பையில் இருந்த பீடிக்கட்டையே எடுத்தேன். அந்த ஆள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்தாலும் தினமும் கேட்டில் பையை வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் போனார்.

முட்டி வலி வந்ததும் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் போதும் என்று நிறுத்திவிட்டார்கள். சோறு கொண்டுபோகிற தூக்குச்சட்டியைக் கழுவி ஆணியில் மாட்டினேன். ஒரு நாள் பார்த்தால் மருமகள் அதில் புளி போட்டு வைத்திருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை, சும்மா தொங்குகிற பாத்திரம்தானே. ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷம் காலையில் சட்டியோடு வெளியே போனவள் மதினி நான். டிவிக்கு முன்னால் என்னால் உட்கார முடியுமா?

அதனால் முதலாளி பேத்தி பழைய வேலைக்காரிகளைத் தேடி வந்து எந்த ரூமில் என்ன நடந்தது என்று கேட்டபோது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கேட் வேலையை எனக்குத் தா என்று நேராகவே கேட்டேன். அவள் கொஞ்சம் தயங்கினாள். மதுரையில் ஒரு செக்யூரிட்டி கம்பெனியோடு ஏற்கெனவே பேசியாயிற்றாம். திறப்பு விழா அன்றைக்கு ரெண்டு பேரும் நில்லுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். நல்லது என்று வீட்டுக்கு வந்து புளியை வேறு டப்பாவில் கொட்டினேன்.

விழாவுக்கு முன்னால் ஒரு வாரம் தினமும் போய்ப் பார்த்தேன். சிமெண்டுத் தரையைத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி ஆக்கியிருந்தார்கள். ஓட்டுக்கு நடுவில் கண்ணாடி வைத்ததில் வெயில் நேராகத் தரையில் விழுந்தது. நாங்கள் குச்சி அடுக்கின காலத்தில் இந்த வெளிச்சம் இருந்திருந்தால் என் கண்ணுக்குக் கண்ணாடியே தேவைப்பட்டிருக்காது. ஒரு பையன் எங்கள் பழைய சட்டங்களைக் கயிறு கட்டி முகட்டில் தொங்கவிட்டிருந்தான். எல்லாம் தலைகீழாக. அப்படித் தொங்கினால் குச்சியெல்லாம் உதிர்ந்துவிடும் என்று சொன்னேன். இது கலை பாட்டி என்றான். மறுநாள் பார்த்தால் சட்டம் எல்லாம் நேராகத் தொங்குகிறது. நல்ல பையன்.

விழா நாளும் வந்தது. காலையில் சோறும் துவையலும் சட்டியில் போட்டுக்கொண்டு எட்டு மணிக்கே கேட்டில் நின்றேன். பயராபீஸில் எப்படியோ அப்படியே ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல். செக்யூரிட்டிக்காரன் நீலச் சட்டையும் தொப்பியுமாக வந்து நின்றான். என் வாளிகளைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“என்ன பாட்டி, கல்யாண வீட்டு வாசல்ல தீயணைப்பு வண்டி மாதிரி நிக்கிறீங்க?”

“ஏலே, நீ சவுக்குக் கம்பு மாதிரி நிக்கியே, ஒன்ன நான் கேட்டனா?”

அதற்குள் கார்கள் வர ஆரம்பித்துவிட்டன. கை பழக்கம் விடுமா மதினி? முதலில் வந்தவரிடம் செல்போனைக் கேட்டேன், தந்துவிட்டார். அடுத்தவரிடம் லைட்டர். அடுத்த அம்மாவிடம் ஊக்கு, கொண்டை ஊசி. எனக்கு எழுதத் தெரியாது, யாருடையது எது என்று சீட்டு எழுத முடியாது. பழைய ஸ்டோரில் தீப்பெட்டி மேல் ஒட்டுகிற லேபிள் கட்டுக்கட்டாகக் கிடந்ததே, அதில் ஒவ்வொரு படத்துக்கும் ரெண்டு எடுத்து வைத்திருந்தேன். கிளி ஒன்று லைட்டர் மேல், கிளி ஒன்று லைட்டர்காரர் கையில். ரயில் ஒன்று செல்போன் மேல், ரயில் ஒன்று செல்போன்காரர் கையில். ஒரு படம் ஒருத்தருக்கு மட்டும்தான். அம்புட்டுப் படம் அந்த ஆபீஸில் ஒட்டியிருக்கிறோம்.

ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. சிரித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். இவ்வளவு நல்ல மனிதர்களா என்று எனக்கே ஆச்சரியம். அப்புறம்தான் ஒரு பத்திரிகைக்காரப் பெண் பக்கத்தில் வந்து, இதைச் செய்த கலைஞர் யார் என்று கேட்டாள். எதை என்றேன். இந்தக் கேட், லேபிள், வாளி எல்லாவற்றையும் என்றாள். என்னையும் சேர்த்துக் காட்சி என்று நினைத்துவிட்டார்கள் மதினி. நான் செய்கிற வேலைம்மா இது, உன் பேனாவில் இரும்பு முள் இருக்கிறதா காட்டு என்றேன். அவளுக்குத் தேர் படம்.

எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். மைக்கில் வணக்கம் சொல்லுகிற சத்தம் கேட்டது. அப்புறம் சத்தம் நின்றுபோயிற்று. பிறகு யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி பேத்தி மட்டும் வேகமாக என்னிடம் நடந்து வந்தாள். குத்துவிளக்கு ஏற்ற யாரிடமும் தீ இல்லையாம். சிவகாசிக்காரர்கள் நூறு பேர் தீப்பெட்டி ஆபீஸுக்குள் நிற்கிறார்கள், ஒரு குச்சி இல்லை.

“பாட்டி, அந்த லைட்டரக் குடுங்க. எல்லாரும் காத்திருக்காங்க.”

விளக்கை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மருந்து ரூம் வாசலில் என்றாள். அந்த ரூமில்தான் சினிமா ஓட்டப் போகிறார்கள் என்று தெரியும். விளக்கை அங்கே வைப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

“அங்கன நெருப்பு கொண்டு போகக்கூடாது பாப்பா.”

“இது இப்ப தீப்பெட்டி ஆபீஸ் இல்ல பாட்டி.”

“கட்டடத்துக்கு அது தெரியுமா?”

அவள் முகம் சிவந்துவிட்டது. தரையைக் கழுவியாயிற்று, சுவருக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று என்றாள். உத்தரத்தைத் தட்டினீர்களா என்று கேட்டேன். பழைய மருந்துப் பொடி போய்த் தங்குகிற இடம் அதுதான். செக்யூரிட்டிக்காரன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நான் எடுத்துத் தரட்டுமா மேடம் என்று என் மேஜைப் பக்கம் ஒரு அடி வைத்தான். கேட் கையை விட்டுப் போகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தூக்குச்சட்டி ஒரு கணம் கண்ணுக்கு முன்னால் வந்தது. புளியோடுதான் வந்தது. ஆனாலும் லைட்டரில் இருந்த கிளியின் மேல் வைத்த கையை நான் எடுக்கவில்லை.

“நான் சொல்றத ஒரு தடவ வந்து பாருங்க. பாத்துட்டும் ஏத்தணும்னு தோணுச்சுன்னா நானே எடுத்துத் தாரேன்.”

உள்ளே போனோம். மூலையில் கிடந்த ஒட்டடைக் கம்பை எடுத்து மருந்து ரூம் உத்தரத்தில் ரெண்டு தட்டுத் தட்டினேன். சாம்பல் நிறத்தில் பொடி கொட்டியது. குத்துவிளக்கின் எண்ணெயிலும் விழுந்தது. நான் அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தேன். வெறும் தூசியா பழைய மருந்தா என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. அதை அப்படியே சொன்னேன். தெரியாத பொடிக்குப் பக்கத்தில் தீ வைத்து நான் பார்த்ததில்லை, நீங்கள் யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. என்னோடு வேலை பார்த்த அஞ்சாறு பேர் ஓரத்தில் நின்றிருந்தார்கள். அவர்கள் முதலிலேயே நகர்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் ஊக்கு இல்லாமல் முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த மதுரை அம்மா முன்னால் வந்தார்கள். கோபித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

“வேலை நடந்த காலத்துல காலைல இந்த ரூமை எப்படித் திறப்பீங்க?”

“தண்ணி ஊத்தித்தான் தொறப்போம். நெலப்படியில ஒரு சொம்பு, தரையில ஒரு சொம்பு. அதுக்கப்புறந்தான் ஆளு உள்ள போகும்.”

“அப்ப அப்படியே திறப்போம்.”

முதலாளி பேத்தி என்னைப் பார்த்தாள், அந்த அம்மாவைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். செக்யூரிட்டிக்காரன்தான் என் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். முதல் சொம்பை அந்த அம்மா ஊற்றினார்கள். அடுத்ததை நான். அப்புறம் என்னோடு குச்சி அடுக்கினவர்கள் ஒவ்வொருத்தராக. முகம் பார்க்கிற தரையில் தண்ணீர் ஓடி, கண்ணாடி வழியாக விழுந்த வெயிலைப் பிடித்துக்கொண்டு போனது. ஒருத்தி இத்தனை வருஷம் கழித்தும் பழக்கத்தில் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் பாதத் தடம் ஈரத்தில் வாசல் வரைக்கும் பதிந்திருந்தது. அதையும் கலை என்று நாலு பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

போகும்போது எல்லாரும் லேபிளைக் காட்டினார்கள், பொருளை வாங்கிக்கொண்டார்கள். ஒன்றுகூட ஆள் மாறிப் போகவில்லை. அந்த மதுரை அம்மா மட்டும் லேபிளைத் திருப்பித் தரமாட்டேன் என்று வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வந்தது மயில்.

மறுநாளே உத்தரத்தைத் துடைக்க ஆள் வந்தது, தண்ணீர் தொட்ட துணியால், நான் பக்கத்தில் நிற்க. செக்யூரிட்டிக்காரனுக்கு வண்டி நிறுத்துகிற இடம். கேட் எனக்கு. செல்போன் மட்டும் உள்ளே விடச் சொல்லிவிட்டாள், படம் எடுக்க வேண்டுமாம், சரி என்றேன். தீப்பெட்டியும் லைட்டரும் என் மேஜையில்தான். குத்துவிளக்கு திரி இல்லாமல் ஒரு மூலையில் நிற்கிறது. வருகிறவர்கள் அதையும் ஒரு காட்சி என்று நின்று பார்க்கிறார்கள். இனி ஒவ்வொரு புதுக் காட்சியையும் தண்ணீர் ஊற்றித்தான் திறப்பார்களாம், அந்தத் தண்ணீரைக் கொண்டு வருகிற பொறுப்பும் என்னுடையது. நாளைக்குக் காலையில் ஒன்று திறக்கிறார்கள். நீங்களும் வாங்க மதினி, ஒரு நல்ல படமாப் பாத்து உங்களுக்குன்னு எடுத்து வைக்கேன், ஆனா அந்தக் கொண்டை ஊசிய வீட்டுலயே… இருங்க, குழாய் சீறுது, கேட்டீகளா? எட்டு நாளாச்சு தண்ணி வந்து. நாளைக்கு ஆபீஸுல ஊத்துறதுக்கு ஒரு கொடம் மொதல்ல புடிக்கணும், அப்புறந்தான் வீட்டுக்கு. அந்தச் சொம்ப இங்கன தள்ளுங்க.