கப்பல் வராத நாளில் உருளைக்கிழங்கு

அந்தப் படிவத்தின் நான்காம் பக்கம் இன்னும் கண்முன் நிற்கிறது. 'நேற்று வீட்டில் என்ன சமைத்தீர்கள்? எங்கிருந்து வந்தது?' இரண்டே கேள்விகள். எதிரே தோட்டம், கடை, ரேஷன் என்று மூன்று கட்டங்கள். மழையில் மை கரைந்துவிடும் என்பதால் பென்சிலில்தான் எழுதுவோம். தீவில் விளைவதை வைத்துத் தீவுக்காரர்கள் எவ்வளவு தாக்குப்பிடிக்க முடியும் என்று ஆராய மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த மேடத்துக்கு நான் களப்பணியாளன். போர்ட் பிளேரில் பிறந்தவன். முப்பத்தைந்து வயதுவரை எந்த வேலையிலும் வேரூன்றாதவன். இந்த வேலை போனால் வீட்டில் முகம் காட்ட முடியாது.

தீவின் வடகோடியில் திக்லிபூரை அடுத்து, ஒரே வரிசையில் பன்னிரண்டு வீடுகள். மழை தொடங்கியிருந்தது. கடல் கொந்தளித்து ஒன்பது நாளாக மெயின்லேண்டுக் கப்பல் இல்லை. பஜாரில் காய்கறிக் கூடைகள் கவிழ்ந்து கிடந்தன. வீடு வீடாக உட்கார்ந்து, கொடுத்த டீயையெல்லாம் குடித்து, ஒழுங்காகத்தான் எழுதினேன். மாலையில் விடுதியில் அடுக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். பன்னிரண்டு வீட்டிலும் சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி.

டீக்கடையில் உட்கார்ந்து ஒன்றை எழுதிவிட்டு மீதியைப் பார்த்து எழுதியிருக்கிறான் என்றுதானே மேடம் நினைப்பார்? நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். என்னை எனக்குத் தெரியும். பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும். எனக்கு மூளை வேலை செய்யும். அதுதான் ஆபத்து. ரப்பரை எடுத்து நான்கு படிவங்களில் பலாக்காயை அழித்தேன். ஒரு வீட்டுக்கு வெண்டைக்காய், ஒன்றுக்குக் கீரை, ஒன்றுக்கு மீன். கடைசி வீட்டு அக்கா டீயோடு முறுக்கும் கொடுத்தவர். அந்த மரியாதைக்கு அவருக்கு உருளைக்கிழங்குப் பொரியலே வழங்கினேன்.

மேடம் படிக்கும்போது விரல் ஒவ்வொரு வரியாக நகரும். கடைசிப் படிவத்தில் நின்றது.

"உருளைக்கிழங்கா? இங்க விளையாதே, கப்பல் வந்தும் ஒம்பது நாளாச்சே. யாருப்பா குடுத்தா இவங்களுக்கு?"

"நான்தான் மேடம்."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காலையில அந்த நாலு வீட்டுக்கும் போவோம். நீ எழுதினத நீயே படிச்சுக் காட்டு. அவங்க சொல்றதக் கேட்டுட்டு, உன்ன வெச்சுக்கறதா பஸ் ஏத்தி விடுறதான்னு பாக்கறேன்."

மூன்று வீட்டில் முறைத்தார்கள். நான்காவதாக, அந்த முறுக்கு அக்கா சிரித்த சிரிப்பில் அண்டை வீட்டுக் கதவெல்லாம் திறந்தது.

"அரே பாபா, என் வீட்ல ஆலூவா? சமைச்சதுதான் சமைச்சீங்க, எனக்கும் ஒரு வாய் குடுத்திருக்கலாமே தம்பி!" பிறகு மேடத்திடம் திரும்பினார். "எல்லா வீட்லயும் பலாக்காய்தான் மேடம். மரம் எங்களுது ஒண்ணுதான். ஜஹாஜ், அதான் கப்பல், நின்னுட்டா யார் வீட்ல எது காய்ச்சாலும் லைன் முழுக்கப் போகும். இன்னிக்கு மூணாவது வீட்டு வாழைப்பூ."

பன்னிரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்த வரிசையில் பொய் சொன்ன ஒரே ஆள் நான். மூன்று கட்டங்களில் எதிலும் 'பக்கத்து வீடு' என்று இல்லை; பலாக்காய்க்குத் 'தோட்டம்' என்றே குறித்திருந்தேன். மேடம் அக்கா வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து, என் பென்சிலை வாங்கி, நான்காவதாக ஒரு கட்டம் வரைந்தார்.

"நீ அழிச்ச பாரு, அதத் தேடித்தாம்ப்பா நாம வந்தோம்" என்றார். என்னை பஸ் ஏற்றிவிடவில்லை. அந்தக் கட்டத்தை நிரப்ப மீதி எட்டு வீட்டுக்கும் என்னையே அனுப்பினார்.

மேடம் இப்போது இல்லை. படிவங்களும் டேப்லெட்டுக்குப் போய்விட்டன. ஒரே பதில் அடுத்தடுத்து வந்தால் திரையில் சிவப்பாக ஒன்று மினுங்குகிறது. பார்த்ததும் என் கை இன்றும் ரப்பரைத் தேடத்தான் செய்கிறது. ஆனால் எதையும் தொடுவதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, அதே வீடுகளுக்குத் திரும்பப் போகிறேன்.