பைலட்டின் பெடல்கள்

வேலைத்தளத்தில் அவரை எல்லோரும் பைலட் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஓட்டுவது என்னவோ பொக்லைன். அதிலும் டயர் வைத்த வண்டி இல்லை, இரும்புச் செயின் மேல் ஊர்ந்து போகிற பெரிய வண்டி. காலையில் ஏறி உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை குழியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டுவார், குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டுவார், லாரியில் மண்ணை அள்ளிப் போடுவார். தரையை விட்டு அவர் உயர்ந்ததெல்லாம் அந்த இருக்கை அளவுக்குத்தான். அப்படிப்பட்டவருக்கு இந்தப் பட்டம் எப்படி வந்ததென்றால், எல்லாம் அவருடைய வாய் செய்த வேலை. வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகுவதாக ஒருநாள் டீ குடிக்கும்போது உளறிவிட்டார். அப்புறம் விடுவார்களா?

“பைலட் சார், இன்னைக்கு எந்த ஊருக்கு ஃபிளைட்டு? எனக்கு ஜன்னல் சீட்டா பாத்துப் போடுங்க” என்பார் லாரி டிரைவர்.

“மண்ணுக்கு மேல ஏறி உக்காரு, காத்தோட்டமா இருக்கும்” என்பார் இவர். அவருக்கு அவ்வளவு சுலபத்தில் கோபம் வராது.

படுக்கையறையின் ஒரு மூலைதான் அவருடைய விமானம். பக்கத்தில் துணி அலமாரி, முன்னால் ஒரு மேஜை, அதன்மேல் திரை, கையால் ஆட்டுகிற ஒரு ஜாய்ஸ்டிக். பகலெல்லாம் குழிக்குள் பார்த்த கண்ணுக்குச் சாயங்காலம் மேகத்துக்கு மேலே கொஞ்ச நேரம் வேலை கிடைத்தது. அதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஒரே ஒரு குறை, கால்கள் சும்மா கிடந்தன. இருபது வருஷமாகக் காலால் வண்டியைத் திருப்பியவர் அவர். “அலமாரியை இடது பக்கம் கொஞ்சம் தள்ளுங்க” என்று மனைவி சொன்னால்கூட முதலில் கால்தான் அசையும். இங்கே ஜாய்ஸ்டிக்கைத் திருகி விமானத்தின் மூக்கைத் திருப்ப வேண்டியிருந்தது. கையைக் கட்டிவிட்டுச் சாப்பிடச் சொன்னது போல இருந்தது அவருக்கு.

நிஜ விமானத்தின் வாலில், கப்பலுக்கு இருப்பதுபோல, ஒரு சுக்கான் உண்டு. அதைத் திருப்புவதற்கு விமானியின் காலடியில் இரண்டு பெடல்கள் இருக்கும். பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது ஓடுபாதையில் நேராக இறங்க வேண்டுமானால் கால்தான் கதி. வீட்டில் விளையாடுகிறவர்களுக்கும் அந்தப் பெடல்கள் கிடைக்கும் என்று தெரிந்ததும் மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடுமுறை நாளாகப் பார்த்து மனைவியையும் கூட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

கடைக்காரர் மூன்று வகைகளை எடுத்துத் தரையில் பரப்பினார். முதலாவது வெறும் பிளாஸ்டிக். மிதித்த மிதியில் பெடலே நகர்ந்து மேஜைக்கு அடியில் ஒளிந்துகொண்டது. “இதை ஓட்டவா போறீங்க, தேடவா போறீங்க?” என்றாள் மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். எதையும் ஒரு பார்வையில் எடைபோட்டுவிடுவாள். இரண்டாவது, குதிகாலை ஊன்றி முன்பாதத்தால் அழுத்துகிற மாதிரி சாய்கிற பெடல். ஏறக்குறைய பொக்லைனில் இருப்பது போலத்தான். மூன்றாவது கனமான இரும்பு. இரண்டு தண்டவாளங்களில் ஒரு பெடல் முன்னால் போனால் மற்றது பின்னால் வரும்.

“அசல் விமானத்துல இப்படித்தான் இருக்கும் சார்” என்று மூன்றாவதைத் தட்டிக் காட்டினார் கடைக்காரர். “உங்களை மாதிரி கம்ப்யூட்டர்ல ஓட்டறவங்க சேர்ந்த எங்க விமானச் சங்கத்துல, விமானி உக்கார்ற காக்பிட் ஒண்ணையே நிஜ அளவுக்குச் செஞ்சு வெச்சிருக்கோம். இதுல பழகிட்டு வந்தீங்கன்னா அதுல உங்களை உக்கார வெச்சு இறக்கச் சொல்லுவோம். நிஜ விமானி ஒருத்தர் பக்கத்துல உக்காந்து பார்ப்பாரு.”

அந்த ஒரு வார்த்தையில் பைலட் விழுந்துவிட்டார். நிஜ விமானி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, தான் காலை அழுத்தி ஒரு விமானத்தைத் தரையில் இறக்குவதை அந்த இடத்திலேயே மனசுக்குள் பார்த்துவிட்டார். கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பெட்டியை மட்டும் கிழித்துவிடாதீர்கள் என்று கடைக்காரர் மூன்றாவதைக் கொடுத்தனுப்பினார்.

முதல் நாள் அவர் பெடலை அழுத்தியதும் விமானம் திரும்பியதோ இல்லையோ, சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் போய் அலமாரியில் மோதியது. “இறங்கியாச்சா?” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. நாற்காலியை மேஜைக் காலோடு கயிறு போட்டுக் கட்டிய பிறகுதான் பறக்கவே முடிந்தது. ஆனால் உண்மையான சிக்கல் நாற்காலியில் இல்லை, காலில்தான் இருந்தது.

பொக்லைனில் இடது பெடலை அழுத்தினால் இடது பக்கத்துச் செயின் முன்னால் ஓடும். அதனால் வண்டி வலது பக்கம் திரும்பும். விமானத்தில் அப்படியே தலைகீழ். இடது காலை அழுத்தினால் மூக்கு இடது பக்கம்தான் போகும். இருபது வருஷம் ஒரு விதமாகப் பழகிய காலுக்கு இதை யார் எடுத்துச் சொல்வது? முதல் வாரம் முழுக்க விமானம் ஓடுபாதையை விட்டுவிட்டுப் புல்தரையில் மேய்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மச்சினன் என்றால் மனைவியின் ஒரே தம்பி. அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அக்கா கையில் வளர்ந்தவன். பைலட்தான் அவனைத் தன் தளத்தில் சேர்த்துவிட்டார். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்குச் செயினுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறதென்று சரியாகத் தெரியாது. கீழே ஒருவன் நின்று கை காட்ட வேண்டும். பைலட்டின் வண்டிக்கு நின்றவன் அவன்தான். வேலைக்குச் சேர்ந்த அன்று அக்கா தம்பியிடம் எதுவும் சொல்லவில்லை. புருஷனிடம்தான், “உங்களை நம்பித்தான் அனுப்புறேன்” என்றாள்.

விடாமல் பழகினார் பைலட். திட்டிக்கொண்டே பழகினார். ஒருநாள் யோசிக்காமலே கால் சரியான பக்கம் போயிற்று. அப்புறம் தினமும் போயிற்று. பக்கக் காற்றைச் சமாளித்து நட்டநடு கோட்டில் இறக்கிய அன்று, சங்கத்துக்கு வருவதாகக் கடைக்காரருக்குப் போன் பண்ணிவிட்டார். வீட்டில் யாரும் கேட்காமலே ஐஸ்கிரீம் வாங்கிவந்தார். அந்த வாரம் முழுக்க அவர் முகத்தைப் பார்க்கவே நன்றாக இருந்தது.

அதற்கடுத்த வாரம்தான் அது நடந்தது. குழாய்ப் பள்ளத்தின் ஓரமாக வண்டியைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. மச்சினன் இடது பக்கம், பள்ளத்துக்கு முதுகைக் காட்டியபடி நின்று கை காட்டினான். வலது பக்கம் போக வேண்டுமானால் இடது காலை அழுத்த வேண்டும். பைலட்டின் வலது கால் இறங்கியது. யோசிக்காமலே இறங்கியது, வீட்டில் இறங்குகிற மாதிரியே. வண்டி இடது பக்கம், அவன் மேல், திரும்பியது.

அவன் ஒரு பக்கமாகத் தாவிவிட்டான். அவனுக்குப் பக்கத்தில் சாத்தியிருந்த மண்வெட்டிதான் செயினில் சிக்கிக் காம்பு முறிந்தது. பைலட் என்ஜினை அணைத்தார். கீழே இறங்கவில்லை. தொடைமேல் கையை வைத்து அழுத்தியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“என்ன மாமா, தூங்கிட்டீங்களா?” என்று மச்சினன் மேலே ஏறி வந்தான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான், ஆனால் அவன் உதடு வெளுத்திருந்தது. “அக்காகிட்ட சொல்லிடாதீங்க. நாளைக்கு என்னை வேலைக்கே விட மாட்டா.”

பைலட் தலையை மட்டும் ஆட்டினார். தூக்கம் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் கம்ப்யூட்டரைப் போடவில்லை. பெடலைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, “பிடிக்கலையா? நல்லாத்தானே ஓட்டிட்டிருந்தீங்க?” என்றாள். அவளிடம் மறைத்து அவருக்குப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். கால் ஏன் மாறியது என்பதையும் சொன்னார்.

அவள் மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

“கால் உங்களுது. எதிர்ல நிக்கிறது என் தம்பி” என்றாள் கடைசியில். பிறகு குரல் இறங்கியது. “ஓட்டாதீங்கன்னு நான் சொல்லலை. அதுல உக்காந்தாத்தான் உங்க முகம் தெளியுதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா இப்படியே விட முடியாதுங்க.”

“தெரியுது” என்றார். “அவன்கிட்ட சொல்லாதே. என்னை நம்பி நிக்கிறவன், பயந்துடுவான்.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். விஷயத்தைக் கேட்ட கடைக்காரர் முதலில் நம்பவில்லை.

“அதெப்படி சார்? ஆளுங்க கார் ஓட்டறாங்க, பைக் ஓட்டறாங்க. ஒவ்வொண்ணும் தனித்தனியா ஞாபகம் இருக்கத்தானே செய்யுது? இன்னும் கொஞ்ச நாள் பழகினா ரெண்டும் கலக்காது.”

“கலக்காதுங்க. நூறு தடவைல தொண்ணூத்தொம்பது தடவை கலக்காது. மிச்சம் ஒரு தடவைக்கும் அவன் அங்கேதான் நின்னுட்டிருப்பான்.”

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பெடல் எந்தப் பக்கம் வேலை செய்ய வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரில் மாற்றிக்கொள்ளலாம், ஒரு டிக் போட்டால் போதும், இடது வலதாகிவிடும் என்றார். சொல்லிவிட்டு அவரே முகத்தைச் சுளித்தார். “ஆனா அப்படிப் பண்ணிட்டா அது விமானமே இல்ல சார். எங்க காக்பிட்டுல வந்து உக்காந்தீங்கன்னா நேரா புல்லுலதான் போவீங்க.”

“நான் அங்க வரலைங்க. பேரை எடுத்துடுங்க” என்றார் பைலட். சுலபமாகச் சொல்வதாகத்தான் நினைத்தார். சொல்லி முடித்த பிறகும் கை பெட்டியை விடவில்லை. பிறகு இரண்டாவது வகையைக் காட்டினார், பொக்லைன் மாதிரி சாய்கிற அந்தப் பெடலை. “அதைக் குடுங்க.”

“நல்லதை விட்டுட்டு அதைப் போய் கேக்கறீங்களே?”

“எனக்கு அதான் நல்லது.”

வீட்டில் டிக் போட்டுப் பார்த்தார். கால் சொன்னபடி விமானம் கேட்டது. பழக வேண்டியதே இல்லாமல் போயிற்று. அன்று எந்தக் காற்றிலும் அழகாக இறங்கினார், ஆனால் ஐஸ்கிரீம் வாங்கத் தோன்றவில்லை. இறக்கை முளைத்த பொக்லைனைத்தான் தான் ஓட்டிக்கொண்டிருப்பதாக அவருக்குப் பட்டது. உலகத்தில் எந்த விமானமும் இப்படித் திரும்பாது. துக்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மேகம் அதே மேகம்தான். சில நாளில் அதுவும் பழகிவிட்டது. தளத்தில் அவருடைய கால் ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. அதைத்தான் அவர் கவனித்துக்கொண்டே இருந்தார்.

ஒரு விடுமுறை நாளில் மச்சினன் வந்தான். “நானும் ஒரு கை பார்க்கிறேன் மாமா” என்று நாற்காலியில் உட்கார்ந்தான். இவர் ஓட்டியதைப் பார்த்துப் பார்த்தே அவனுக்கு முறை தெரிந்திருந்தது. விமானம் இடது பக்கம் ஒதுங்கியது. வலது காலை அழுத்தினான். இன்னும் இடது பக்கம் போயிற்று. இன்னும் அழுத்தினான். புல்தரைக்குள் போய் நின்றது.

“என்ன மாமா இது? தலைகீழா இருக்கே. விமானம் இப்படியா திரும்பும்?” என்றவன் அமைப்புகளைத் திறந்து பார்த்தான். “இதோ, யாரோ மாத்தி வெச்சிருக்காங்க. அதான். இருங்க, நான் சரி பண்ணிடறேன்.”

பைலட் அவன் கையைப் பிடித்தார்.

“அதைத் தொடாதே.”

“தப்பா இருக்கு மாமா.”

“தப்பாவே இருக்கட்டும். நாளைக்குக் காலையில நீ என் வண்டிக்கு முன்னால நிக்கணும்ல?”

அவன் முதலில் சிரிக்கப் பார்த்தான். பிறகு காலடியில் இருந்த பெடலைப் பார்த்தான். கதவோரம் நின்றிருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அன்றைக்குப் பள்ளத்து ஓரத்தில் நடந்தது என்ன என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

மௌஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டு எழுந்தான். “நீங்க உக்காருங்க மாமா” என்றான். “நீங்க ஓட்டுங்க. நான் பார்க்கிறேன்.”