கழற்றிய சாரி கார்டு

கொத்தமல்லி வாங்க நான் போகிற வண்டி பந்தயத் தடத்துக்கென்று உருவாக்கப்பட்டது. பூனா கட்கியில் எங்கள் தெரு முதல் கியரிலேயே முடிந்துவிடும். இரண்டாவது போட்டால் மார்க்கெட் வந்துவிடும். மற்ற கியர்களுக்கு இங்கே வேலை இல்லை. பை மாட்ட ஒரு கொக்கி கிடையாது, ஆகவே பள்ளிப் பிள்ளையைப்போல் முதுகில் பை மாட்டிக்கொள்கிறேன். புடலங்காய் வாங்கிய நாளில் அது என் தோளுக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு வரும். டேங்கின் மேல் கவிழ்ந்து ஓட்ட வேண்டிய வண்டி என்பதால் எழுபதைக் கடந்த மணிக்கட்டுகள் இரண்டும் வலிக்கின்றன. சிக்னலில் நின்றால் இன்ஜின் சூடு தொடையைச் சுடும். வேகத்தடையில் நேராக ஏறினால் வண்டியின் அடிவயிறு உரசும், கோணலாக ஏறிக் கோணலாக இறங்க வேண்டும்.

இதில்தான் தினமும் போகிறேன். பால், பாவ் ரொட்டி, மின்சாரக் கட்டணம், பல் டாக்டர் எல்லாவற்றுக்கும் இதுதான். ஒரு வேலையும் இல்லாத நாளில் வேலையை உண்டாக்கிக்கொண்டு போகிறேன். இதை விற்றுத் தொலைத்தால் என்ன என்று பெங்களூரிலிருந்து மகள் கேட்கிறாள். விற்பதா வேண்டாமா என்பதல்ல என் பிரச்சினை. இந்த வண்டியை வைத்துக்கொண்டு நான் என் மனைவிக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும்.

தளேகாவில் ஓர் ஆலையில் பொறியாளராக இருந்தேன். வேலைக்காலம் முழுவதும் கம்பெனி பஸ், ஜன்னலோரத்தில் அதே இருக்கை. பழைய மும்பை நெடுஞ்சாலையில் எங்கள் பஸ்ஸை முந்தாத வண்டி கிடையாது. மோட்டார் சைக்கிள்கள் சீறிக்கொண்டு போகும்போது கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்ப்பேன். அப்படியே தூங்கியும் போவேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தத் தூக்கம் போய்விட்டது. பத்திரிகையில் பாதிப் பக்கம் படிப்பேன், எழுந்துவிடுவேன். வாசலுக்குப் போய்விட்டுத் திரும்பி வருவேன்.

"செத்த நேரம் ஒரு இடத்துல இருக்கீயளா? பார்க்கிற எனக்குக் கால் வலிக்கு," என்பாள் மனைவி. திருநெல்வேலியை விட்டு வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அவள் பேச்சு அங்கேயே இருக்கிறது.

அப்போது எங்களிடம் ஸ்கூட்டர் இருந்தது. நான் ஓட்டுவேன், அவள் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து என் தோளில் ஒரு கையை வைத்துக்கொள்வாள். பூனாவில் பெண்கள் இருசக்கர வண்டியில் போகும்போது தூசிக்கும் வெயிலுக்கும் முகம் முழுவதையும் துணியால் சுற்றிக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே விடுவார்கள். வந்த புதிதில் அவள் அதைப் பார்த்து, "என்ன இது, வழிப்பறி செய்யப் போறவளுவ மாதிரி," என்று சிரித்தாள். பிறகு அவளும் கற்றுக்கொண்டாள். நீலத்தில் ஒரு பருத்தி ஸ்கார்ஃப். அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதை அவள் எடுத்தால் கிளம்பிவிட்டோம் என்று அர்த்தம்.

சனிக்கிழமைகளில் கசார்வாடிக்குப் போவோம். அவளோடு கண்டோன்மெண்ட் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தவர் அங்கே இருந்தார். இவளைவிட மூத்தவர், அதனால் அக்கா. பக்கவாதத்தில் ஒரு கால் போய், பட்டறைகளுக்குப் பின்னால் மகன் வீட்டு மாடியில் படுத்த படுக்கை. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. இவளை அங்கே விட்டுவிட்டு நான் கீழே டீக்கடைகளில் சுற்றிக்கொண்டிருப்பேன். திரும்பிப் படி ஏறும்போதே இரண்டு பேரின் சிரிப்பும் கேட்கும். பழைய தலைமை ஆசிரியை நடந்ததைப்போல் அக்கா படுத்துக்கொண்டே நடித்துக் காட்டுவாராம். அதெப்படி முடியும் என்று நான் கேட்டதில்லை.

ஒரு நாள் ஸ்கூட்டரில் போனவன் இந்த வண்டியில் திரும்பி வந்தேன். சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தாள்.

"ஸ்கூட்டர் எங்க?"

"எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டேன்."

பின் இருக்கையைப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்தில், முன் இருக்கையைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது. "இது எனக்கா, காக்கா குருவிக்கா?"

ஆனாலும் வந்தாள். முதல் சனிக்கிழமை என் தோளைப் பிடித்து ஒருவழியாக ஏறி உட்கார்ந்தாள். போபோடி சிக்னலில் பச்சை விழுந்ததும் நான் கொஞ்சம் முறுக்கினேன். அவள் பின்னால் சரிந்து, என் காலரைப் பிடித்து, என் கழுத்தை நெரித்துத்தான் தப்பித்தாள். கசார்வாடியில் இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டாள். "மெதுவாப் போனா வாரேன்," என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

அதற்கடுத்த வாரம் நான் செய்ததைக் கவனியுங்கள். பின்சக்கரத்தின் இடதுபக்கம், சேலை சிக்காமல் இருக்க ஒரு சாரி கார்டு வைத்துத்தான் வண்டியைக் கொடுப்பார்கள். இப்படிப்பட்ட வண்டி வாங்குகிற பையன்கள் அதை முதல் வேலையாகக் கழற்றிவிடுவார்கள், வண்டியின் அழகைக் கெடுக்கிறதாம். சிக்னல்களில் ஹிஞ்சேவாடிக்குப் போகிற ஐ.டி. பையன்கள் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவார்கள். "ஆஜோபா, ஜோராத்!" என்று ஒருவன் கத்தினான். தாத்தா, அசத்துறீங்க என்று. அந்தப் போதையில் இருந்தவன், கசார்வாடியில் அக்கா வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையிலேயே வண்டியை நிறுத்திச் சாரி கார்டைக் கழற்றச் சொன்னேன்.

மெக்கானிக் ஸ்பானரை வைத்துக்கொண்டு மராட்டியில் கேட்டான்: "காகூ பஸ்ணார் நாஹீத் கா, காகா?" சித்தி உட்கார மாட்டாங்களா என்று.

அவள் வருவதில்லை என்று சொன்னேன். ஐந்தாறு நாள் முன்னால்தான் வந்திருந்தாள்.

சனிக்கிழமை ஸ்கார்ஃபைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவள் வெறும் சக்கரத்தைப் பார்த்து நின்றாள்.

"இதுல ஒரு கம்பி இருந்துச்சே?"

"பார்க்க நல்லா இல்ல. எடுத்தாச்சு."

"அப்போ சேலை?"

"சுடிதார் போட்டுக்கிட்டா ஆச்சு."

"உங்களுக்கு வாலிபம் திரும்புனா நானுமா வேஷம் மாத்தணும்?" உள்ளே போய்விட்டாள். டிபன் டப்பாவோடு திரும்பி வந்தாள். "அக்காகிட்ட குடுத்துருங்க."

பிறகு சனிக்கிழமைகளில் டப்பா மட்டும் போனது. ஒரு தடவை அவள் ஆட்டோவைக் கூப்பிட்டாள். "வீட்டுல வண்டி நிக்கும்போது ஆட்டோ எதுக்கு?" என்று அதைத் திருப்பி அனுப்பியது நான். கூப்பிட்டேனே, அவள்தான் வரவில்லை என்று எனக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தேன். கோயிலில் ஞாயிறு ஆராதனைப் பாடகர் குழுவுக்குப் போவதையும் மெல்ல நிறுத்தினாள். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வயதாவதாக நினைக்கவில்லை.

டப்பாவை நீட்டும்போது அக்கா கேட்பார்: "அவ வரலியா தம்பி?"

"முழங்கால் வலி அக்கா. படி ஏற முடியல."

முதல் தடவை வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு வாரமும் அதையே சொன்னேன். சொல்லிவிட்டு உட்காரவும் மாட்டேன், கீழே வண்டி வெயிலில் நிற்கிறது என்பேன்.

ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது. இவள் பேசுவது எனக்குக் கேட்டது. முதலில் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஆமாக்கா, முழங்காலுதான்… பரவால்லக்கா… ஜெபத்துல நினைச்சுக்கிடுங்க." போனை வைத்துவிட்டு என் தட்டில் ரசத்தை ஊற்றினாள்.

"எந்தக் கால்னு சொல்லி வச்சிருக்கீய? அதத்தான நான் நொண்டணும்."

நான் சிரித்தேன். அவளும் கொஞ்சம் சிரித்தாள். அதோடு அந்த விஷயம் முடிந்தது என்று நினைத்த முட்டாள் நான். அன்று மாலையும் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

மழைக்காலத்தில் அக்காவுக்கு இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தது. செய்தி வந்தபோது நான் லோணாவளா சாலையில் இருந்தேன், மழையில், ஒரு காரணமும் இல்லாமல். போன் முதுகுப் பையில் கிடந்தது. இவள் தானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது, என் மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உசுருக்கு ஒண்ணுமில்ல. பேச்சு போயிட்டு."

அவர்கள் இருவருக்கும் இருந்ததே அந்தப் பேச்சுதான். அது நன்றாக இருந்த காலத்தில் ஒரு வருடத்துக்கு மேல் நான் தின்றிருந்தேன்.

மறுநாள் காலை வண்டியில் சேறு அப்பியிருந்தது. வழக்கமான துணியால் துடைத்தேன். மெல்லிய துணி, கீறல் விழாது. பிழிந்து உதறியபோது ஓரத்தில் தைத்த மடிப்பு கண்ணில் பட்டது. கிரீஸ் படாத ஒரு மூலையில் நீலம் இருந்தது.

உள்ளே கொண்டுபோய்க் கேட்டேன். "இது உன் ஸ்கார்ஃப்தான?"

"ஆமா."

"இத ஏன் துடைக்கக் குடுத்த?"

"மெத்துன்னு துணி கேட்டீயள்லா. போன கிறிஸ்மசுக்கு முன்னாலயே குடுத்துட்டேனே." கோபமில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஆணியில் என் ஹெல்மெட் தொங்கியது. அதை அங்கே மாட்டியதும் நான்தான், காலியாக இருக்கிறதே என்று.

பரணில் பத்திரிகைத் தாளில் சுற்றி வைத்திருந்த சாரி கார்டை எடுத்துக்கொண்டு அன்றே பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் மாட்டிக் கொடுத்தான். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தாள். கம்பியைத் தொட்டு அசைத்துப் பார்த்தாள், உறுதியாகத்தான் இருந்தது.

"நல்லா இருக்கு," என்றாள். "நான் ஆட்டோலயே போயிக்கிடுதேன்."

"வண்டிய வித்துருதேன்."

"வித்துட்டு? காலைல இருந்து ராத்திரி வரைக்கும் இந்த ஹாலுக்குள்ளயே நடப்பீய. அதையும் நான் பார்க்கணுமா? வண்டி இருக்கட்டும்." பிறகு நின்றாள். "ஒண்ணு செய்யுங்க. அக்காவுக்குக் காது நல்லாக் கேக்கு. என் முழங்கால் கதைய நீங்கதான சொன்னீய. நீங்களே வந்து இல்லன்னு சொல்லுங்க."

அந்தச் சனிக்கிழமை அவள் ஆட்டோவில் ஏறினாள். கூட உட்காரச் சொல்லவில்லை, எனக்குக் கேட்கவும் தைரியம் இல்லை. ஆட்டோவுக்குப் பின்னால் இதை ஓட்டிக்கொண்டு போனேன். மெட்ரோ தூண்களின் ஓரமாக ஆட்டோ ஊர்ந்தது. அந்த வேகத்துக்கு இந்த வண்டி இசையாது, முனகும், கொதிக்கும். கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்துப்போயின. தாப்போடிப் பாலத்தில் டிரைவர் கண்ணாடியில் பார்த்து அவளிடம் ஏதோ கேட்டான். அந்த ஆள் ஏன் நம்மைத் தொடர்கிறார் என்றானாம். "எங்க வீட்டு ஆளுதான், முந்தத் தெரியாது," என்று ஹிந்தியில் சொன்னதாக அவளே பிறகு சொன்னாள்.

மாடியில் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார வைக்கப்பட்டிருந்தார். வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது, ஒரு கையும் விழுந்திருந்தது. இவள் கட்டிலில் அவரை ஒட்டி உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அக்கா, இவளுக்கு முழங்கால்ல ஒண்ணும் இல்ல. வண்டில இவ உட்கார இடமில்லாமப் பண்ணது நான். உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அக்கா என்னையே பார்த்தார். புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய நல்ல கை மெல்ல நகர்ந்து வந்து, மனைவியின் முழங்காலில் படிந்து, அதைத் தடவிக் கொடுத்தது.

இவள் குனிந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வலியே இல்லக்கா," என்றாள். கை நிற்கவில்லை.

கீழே யாரோ என் வண்டியைச் சுற்றி நின்று மைலேஜ் எவ்வளவு இருக்கும் என்று பேசிக்கொள்வது கேட்டது. சாவி பாக்கெட்டில் தொடையைக் குத்தியது. கதவுப் பக்கம் ஓர் அடி வைத்தேன்.

"உக்காருங்க," என்றாள் மனைவி, திரும்பாமலே.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் பழைய தலைமை ஆசிரியையின் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். இரண்டு பேர் சொல்ல வேண்டியதையும் அவளே சொன்னாள்.