அக்காவின் முதுகை மிதித்தவள் எழுதுவது

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் எழுத உட்கார்ந்தபோது, "நல்லத மட்டும் எழுது" என்றார் அம்மா. நல்லதையும் எழுதுகிறேன். இன்னொன்றையும் எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

அக்கா பிறந்தது ராயபுரத்தில், கடலோரக் குடிசையில். குடிசைகளை எடுத்தபோது எர்ணாவூரில் நான்காவது மாடியில் வீடு கொடுத்தார்கள். மணலியில் டேங்கர் லாரி ஓட்டிய அப்பா ஒரு விபத்தில் படுத்த படுக்கையானார். பள்ளியில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியிருந்த அக்கா, பதினெட்டு வயதில் நடனக் குழுவில் சேர்ந்து குடும்பத்தைத் தாங்கினார். நின்றபடியே பின்னால் வளைந்து, தரையில் கிடக்கும் கைக்குட்டையைப் பல்லால் கவ்வி எடுத்து நிமிர்வார். திருவிழாக்களில் அதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். கணவர் விட்டுப் போன பிறகு தன் மகளையும் தனியாகவே வளர்த்தார்.

ஆடிய மறுநாள் அக்கா தரையில் குப்புறப் படுப்பார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகில் ஏறி நடப்பேன். நெட்டி முறியும். எட்டு வயதில் ஆரம்பித்தது, கல்யாணமாகிப் பக்கத்து பிளாக்குக்குப் போன பிறகும் நிற்கவில்லை. "இன்னாடி, தண்ணி லாரி ஏர்ன மாரி கீது" என்று என் எடையைக் கிண்டல் செய்வார்.

முன்பெல்லாம் அந்த வலி முதுகு முழுக்கப் பரவலாக இருக்கும், இரண்டு நாளில் போய்விடும். கடைசியாக வந்தது வேறு வலி. விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி ஒரே இடத்தில் இருந்தது. ஆடாத நாளிலும், படுத்திருந்தாலும் வலித்தது. கால் மரத்துப் போனது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன்.

"வளையிற முதுகு வலிக்காம இன்னாடி பண்ணும்? நீ நல்லா அழுத்தி மிதி" என்றார்.

அந்த இடத்திலேயே குதிகாலை வைத்து அழுத்தினேன். ஆறு மாதம் அப்படியே போயிற்று.

ஒரு காலை அக்காவால் எழுந்திருக்க முடியவில்லை. ஸ்கேனில் முதுகெலும்பில் கட்டி தெரிந்தது. அது அரித்த எலும்பு ஒன்று நொறுங்கியிருந்தது.

"யாராவது முதுகை மிதிச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டார். படுத்திருந்த அக்கா முந்திக்கொண்டார்.

"இல்ல டாக்டர், ஸ்டேஜ்ல வுழுந்துட்டேன்."

அதன் பிறகு நான்கு மாதம் உயிரோடு இருந்தார். அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கட்டிதான் காரணம் என்று நீங்கள் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். நான் மிதித்தது உங்களுக்குத் தெரியாது. அந்த ஆறு மாதத்தை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன் என்று தெரியவில்லை.

அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு மாடி இறக்கிய பிளாக் மக்களுக்கும், ரத்தம் கொடுத்த நடனக் குழுவினருக்கும், கடைசி வரை வந்து பார்த்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. உங்களிடம் இன்னும் ஓர் உதவி கேட்கிறேன்.

அக்காவின் மகளுக்குப் பதினேழு வயது. அதே குழுவில் ஆடுகிறாள், அந்தக் கைக்குட்டையையும் எடுக்கிறாள். போன வாரம் என் வீட்டுக்கு வந்து தரையில் குப்புறப் படுத்தாள்.

"சித்தி, முதுகு ஒரே பேஜாரா கீது. அம்மாக்கு மிதிப்பியே, அந்த மாரி மிதிச்சு வுடு."

எங்கே என்று கேட்டேன். ஒரே இடத்தில் விரலை வைத்தாள்.

என் கால் எழவில்லை. ஆஸ்பத்திரிக்கு வா என்று அவள் காலைப் பிடித்து அழுதேன். ஆடித் திருவிழா முடியட்டும் என்கிறாள்.

இன்று நினைவு நாளுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உங்கள் கையில் இந்த மலரைக் கொடுப்பவள் அவள்தான். இதில் எழுதியிருப்பது அவளுக்குத் தெரியாது. முதுகு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். வலிக்கவில்லை என்பாள். நம்பாதீர்கள். கீழே ஆட்டோ சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது அவளைப் பிடித்து ஏற்றிவிடுங்கள்.