வலைக்குள் விழுந்த பூங்குருவி

கணுக்காலில் மாவுக்கட்டு. மேனாம்பேட்டில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வேலைக்குப் போகும்போது கணவர் கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார். யாராவது பெல் அடித்தால் நான் கதவைத் திறக்க எழுந்து ஓடிவிடக் கூடாதாம். அக்கறைதான். ஆனாலும் அந்தப் பூட்டுச் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐப்பசியில் ஒரு காலை, அவர் கிளம்பிய பிறகு பால்கனியில் படபடவென்று சத்தம். புறா வராமலிருக்க அடித்திருந்த வலை மேல் மூலையில் கிழிந்திருந்தது. அந்த வழியாக ஒரு பறவை உள்ளே விழுந்திருக்கிறது. ஆரஞ்சுத் தலை, ஆரஞ்சு வயிறு, நீலச் சாம்பல் முதுகு. மைனாவைவிடக் கொஞ்சம் சின்னது. வலையில் முட்டி முட்டி விழுந்து, வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கியது. இப்படியே விட்டால் செத்துவிடும். அவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டாலும் உள்ளே வர முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பைனாகுலரோடு திரியும் ஆபீஸ் தோழிக்குப் படம் அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

“கன்னத்துல ரெண்டு கறுப்புக் கோடு இருக்கா?”

“இருக்கு.”

“செந்தலைப் பூங்குருவிடி. காட்டுப் பறவை. இந்த சீசன்ல நம்ம பக்கம் வரும். அருமையாப் பாடும்.”

“பாட்டு கெடக்கட்டும். மேல அவ்ளோ பெரிய ஓட்டை இருக்கு, இதுக்குக் கண்ணு தெரியலையா?”

“அது தரையில சருகைப் புரட்டிப் புழு தின்ற பறவை. பயந்தா தாழ்வாத்தான் ஒதுங்கும். கீழ வழி விடு.”

அவள் சொன்னது சரிதான். அந்த நிலையிலும் அது குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பின்னால் பதுங்கி, ஒரு சருகைப் புரட்டிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கத்திரிக்கோலோடு தரையில் உட்கார்ந்து, வலையின் அடிப்பக்கத்தை அறுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். வெகுநேரம் பறவை அசையவே இல்லை. பிறகு தத்தித் தத்தி வந்து, கம்பி இடுக்கில் நுழைந்து, பின்புறக் காலி மனையின் புதருக்குள் இறங்கிவிட்டது.

என்னால்தான் எழுந்திருக்க முடியவில்லை. சாயங்காலம் வந்து அவர்தான் தூக்கிவிட்டார்.

“வலைய அறுத்துட்டியே! இனி புறா வந்து நாறடிக்குமே!”

மறுநாள் காலை வழக்கம்போல் பூட்டைக் கையில் எடுத்தார்.

“பூட்டாதீங்க.”

“உன்னால எங்கயும் போக முடியாதே. பூட்டினா என்ன?”

“முடியாதுன்னு எனக்கே தெரியும். அதை நீங்க வேற பூட்டிக் காட்ட வேணாம்.”