ஒரே பெஞ்சில் எல்லாருக்கும் நரம்பு!

இன்று விழுப்புரத்தில், மனநல டாக்டர் கிளினிக் பெஞ்சில் நானும் என் பேத்தியும்...

வைத்தியம் அவளுக்கு. பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். (நான் அஞ்சாங்கிளாஸ். போனில் தமிழ் அடிக்க அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்!)

மயிலத்தில் எங்கள் தெருவில் யார் கேட்டாலும் "நரம்புக்குப் பாக்கறோம்" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். நரம்பு என்றால் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வருகிறார்கள். டாக்டர் சொன்ன பெயரைச் சொன்னால் வருவார்களா?

பக்கத்தில் ஓர் அம்மா, வாலிப மகனோடு வந்து உட்கார்ந்தார்.

"எந்த ஊரும்மா நீங்க?"

எனக்குப் பகீரென்றது. எதற்கு விசாரிக்கிறார்?

"திண்டிவனம் பக்கம்." (மயிலம் என்று சொல்வேனா!)

"பொண்ணுக்கு இன்னா?"

"நரம்புதாங்க. உங்க புள்ளைக்கு?"

"அவனுக்கும் நரம்புதான். தூக்கம் வர்றதில்ல, அவ்ளோதான்."

எதிரில் இருந்த பெரியவரும் தலையாட்டினார். அவருக்கும் நரம்பாம்!

பேத்தி போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஏன் ஆயா பொய் சொல்லிக்கினு கீற? எனக்கு பைபோலாருங்க. மாத்திரை போட்டுக்கினு காலேஜ் போறேன்."

அந்த அம்மா கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். மகன் கையைப் பிடித்தார்.

"வாடா, அந்தாண்ட காத்து வருது."

(அந்தாண்ட ஃபேனே இல்லை!)

பேத்தி முகம் சுண்டிப்போனது. "பாத்தியா ஆயா? அடுத்த மாசம் நான் வரல."

மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று போன வருஷம் பார்த்தவள் நான்.

டாக்டரைப் பார்த்துவிட்டு மெடிக்கலுக்கு வந்தால், முன்னால் அதே அம்மா!

"தம்பி, வெளிய தெரியாத கவர்ல போட்டுக் குடுப்பா."

எட்டிப் பார்த்தேன். (சந்தேகப் புத்தி!) அதே ரோஸ் அட்டை. என் பேத்தி போடுகிற அதே மாத்திரை!

எங்கள் அட்டை வந்ததும் அதற்குப் பக்கத்திலேயே வைத்தேன். (வேண்டுமென்றேதான்!)

"ஏம்மா, உங்க நரம்பும் எங்க பைபோலாரும் ஒரே மாத்திரையத்தான் துன்னுது போல!"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகன் மட்டும் பேத்தியிடம் மெதுவாகக் கேட்டான்.

"இத்த போட்டா கிளாஸ்ல தூக்கம் வருமாங்க?"

"மொதல்ல வந்துச்சு. டாக்டராண்ட சொன்னேன், நேரத்த மாத்திக் குடுத்தாரு. நீங்களும் கேளுங்க."

பஸ் ஏறியதும் பேத்தி சொன்னாள்: "அடுத்த மாசம் ஜல்தியா கிளம்பணும் ஆயா. இன்னிக்கு செம கூட்டம்."

இதை எழுதி அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு "எல்லாரும் படிக்கட்டும், போன்ல போடு ஆயா" என்றாள். போட்டுவிட்டேன்.

எங்கள் தெருக்காரர்களே, படித்துவிட்டீர்கள்தானே?

இனிமேல் ஆப்பிள் வருமா, வராதா?